எல்.கே.ஜி. வகுப்புக்குப் புதிதாக வந்த டீச்சருக்கு: குழந்தையைக் கவனித்துக் குறிப்பெழுதும் வேலை

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், நவம்பர் மாதப் பெற்றோர் சந்திப்பில் ஒரு அம்மா கேட்டார்: "மிஸ், இந்த அஞ்சு மாசத்துல இவ புதுசா என்ன கத்துக்கிட்டா?" என் கையில் 22 குழந்தைகளுக்கும் எழுதிய ரிஜிஸ்டர் இருந்தது. புரட்டினேன். "நன்றாகப் பழகுகிறாள்." "ஆர்வமாக இருக்கிறாள்." "சாப்பாடு மெதுவாக." இவ்வளவுதான். மேலே இருக்கும் பெயரை அடித்துவிட்டு வகுப்பில் வேறு எந்தப் பெயரை எழுதினாலும் பொருந்தும். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் போனார், நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

மதுரையில் ஒரு சின்ன மழலையர் பள்ளியில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுடன் இருக்கிறேன். சேர்ந்தபோது கட்டம் போட்ட ரிஜிஸ்டரைக் கொடுத்தார்கள், அதில் எதை எழுதுவது என்று யாரும் சொல்லவில்லை. அதைப் பிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. ஜூனில் புதிதாகச் சேரும் உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டியதில்லை. அங்கன்வாடியில் இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 3 முதல் 8 வயது வரையிலான அடிப்படை நிலைக்கென்று 2022 அக்டோபரில் வந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகம், இந்த வயதுக்கு ஏற்ற மதிப்பீடு என்று இரண்டு வழிகளைச் சொல்கிறது. ஒன்று, குழந்தையைக் கவனிப்பது. இன்னொன்று, குழந்தை வரைந்ததையும் செய்ததையும் பார்ப்பது. தனியாகத் தேர்வு வைப்பது இந்த நிலைக்குப் பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது. "மாதத் தேர்வு எங்கே?" என்று மேலிடத்தில் கேட்டால் சொல்ல ஒரு பதில் ஆயிற்று.

1. முதல் வாரத்துக்குள் வாங்க வேண்டியவை

22 குழந்தைகளுக்கு ஒரு வருஷத்துக்கு எனக்கு ஆன செலவு இது. குழந்தைக்கு ஒன்று என்று 22 ஃபைல், ஒன்று 30 ரூபாய் வீதம் 660. சட்டைப்பையில் அடங்கும் குட்டி நோட்டு 4, மொத்தம் 60. தேதி முத்திரை ஒன்று 120. ஒட்டுத்தாள் இரண்டு கட்டு 100. படிவங்கள் ஜெராக்ஸ் 88. குழந்தைக்கு மூன்று போட்டோ பிரிண்ட் போட்டதில் 660. ஆக 1,688 ரூபாய். போட்டோவை விட்டுவிட்டால் ஆயிரம் ரூபாயைச் சுற்றி முடிந்துவிடும். பள்ளி தருமா என்று ஜூன் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் கைக்காசைப் போட்டேன். ஆகஸ்டில் பில்லை நீட்டினால் யார் தருவார்கள்?

தேதி முத்திரையை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். குழந்தை வரைந்த தாளை வாங்கியவுடன் பின்பக்கம் ஒரு குத்து. தேதி இல்லாத ஓவியத்தை வைத்துக்கொண்டு மார்ச்சில் எதையும் சொல்ல முடியாது.

2. ஒப்புதல் படிவம்

சேர்க்கைப் படிவத்தோடு இதையும் ஒரு தாளாகக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாலு கேள்வி போதும். வகுப்புப் பதிவுக்காகப் போட்டோ எடுக்கலாமா? அதைப் பள்ளிக்கு வெளியே யாருக்கும் காட்டலாமா? வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்? குழந்தையை அழைத்துப்போக யார் யார் வருவார்கள்? முதல் இரண்டு கேள்விகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள். ஃபைலில் ஒட்டச் சம்மதிக்கும் அப்பா, பேனரில் போடச் சம்மதிக்க மாட்டார். 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், 18 வயது நிறையாத எவரும் குழந்தைதான். அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல், அதுவும் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

வகுப்பு வாட்ஸாப் குழுவில் தனிக் குழந்தையின் படத்தைப் போடாதீர்கள். ஒரு முறை போட்டேன். பத்து நிமிடத்தில் "எங்க பையன் படம் ஏன் இல்ல?" என்று ஆறு பேர். அன்று மாலை முழுவதும் அதற்குப் பதில் சொல்வதிலேயே போயிற்று.

3. முதல் இரண்டு வாரம் எதையும் முடிவு கட்டாதீர்கள்

அழுகை நேரம் அது. குழந்தை யாரிடம் ஒட்டிக்கொள்கிறது, எதைக் கையில் கொடுத்தால் அழுகை அடங்குகிறது, கழிப்பறைக்கு எப்படிக் கேட்கிறது, இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். "வராது, தெரியாது" என்று ஒரு வரிகூட வேண்டாம்.

4. யாரை, எப்போது பார்ப்பது

எல்லோரையும் எப்போதும் கவனிக்கலாம் என்று இறங்கினால், சத்தம் போடும் ஐந்து பேரைப் பற்றித்தான் எழுதியிருப்பீர்கள். என் முதல் வருஷ ரிஜிஸ்டரில் ஒரு பையனுக்கு 31 குறிப்பு, சுவரோரம் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு 2.

அதனால் நாளுக்கு மூன்று பெயர் என்று வைத்துக்கொண்டேன். இரண்டு வாரத்தில் பத்து வேலை நாள், 30 இடம். 22 குழந்தைக்கும் ஒரு முறை வந்துவிடும், மீதி எட்டு இடம் விடுப்பு எடுத்தவர்களுக்கும் இன்னொரு முறை பார்க்க வேண்டியவர்களுக்கும். காலையில் மூன்று பெயரையும் ஒட்டுத்தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுவேன். வெளியே ஒட்டினால் பெற்றோர் படிப்பார்கள்.

பார்க்க நல்ல நேரம், குழந்தை தானாகத் தேர்ந்து விளையாடும் நேரம். நீங்கள் உட்கார வைத்துப் பாடம் நடத்தும்போது, குழந்தை நீங்கள் சொன்னதைச் செய்கிறதா என்பது மட்டும்தான் தெரியும். மணல் தொட்டி, சொப்புச் சாமான், கட்டைகள், சாப்பாட்டு நேரம், செருப்பு மாட்டும் நேரம், இங்கேதான் சரக்கு இருக்கிறது. ஒரு குழந்தைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். நோட்டைத் தூக்கிக்கொண்டு அரை மணி நேரம் பக்கத்தில் நின்றால் குழந்தை விளையாட்டை நிறுத்திவிட்டு, "மிஸ், என்ன எழுதுறீங்க?" என்று உங்களைக் கவனிக்க ஆரம்பித்துவிடும்.

ஆயாம்மாவைக் கேளுங்கள். எங்கள் ஆயாம்மாவுக்கு எழுத வராது. ஆனால் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்தப் புள்ள தெனமும் எல்லார் செருப்பையும் ஜோடி ஜோடியா அடுக்கி வச்சுட்டுத்தான் உள்ள வருது டீச்சர்." சுவரோரம் உட்காரும் அதே பெண். வகுப்பில் பொருத்துக பயிற்சித் தாளில் கையையே வைக்காதவள், வாசலில் 22 ஜோடியைப் பொருத்திக்கொண்டிருந்திருக்கிறாள். அதை அப்படியே எழுதி, ஓரத்தில் "ஆயாம்மா சொன்னது" என்று குறித்துக்கொண்டேன்.

5. கண்டதை எழுதுங்கள், கேட்டதை எழுதுங்கள்

இந்த வேலையில் முக்கால்வாசி இதுதான். முதலில் நான் எழுதியது:

"ம. மணலில் நன்றாக விளையாடினான். கணிதத்தில் ஆர்வம் உள்ளது. எண்கள் சரியாகத் தெரியவில்லை."

இதே காட்சியை இன்று எழுதினால்:

"ம., 4 வயது 2 மாதம். 12.8, காலை 10.20, மணல் தொட்டி. சின்னக் கிண்ணத்தால் மணல் அள்ளிப் பெரிய டப்பாவில் கொட்டினான். கிண்ணத்துக்கு ஒரு எண்: 'ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு, ஆறு.' டப்பா வழிந்தது. 'பத்தல... இல்ல, ஜாஸ்தி' என்றான். வழிந்ததைக் கையால் வழித்து மட்டம் செய்தான். இன்னொரு டப்பாவை எடுத்துவந்து மறுபடியும் தொடங்கினான்."

எழுத இரண்டு நிமிடம்தான் ஆகும், ஆனால் இதைப் படிக்கும் யாருக்கும் அந்தப் பையன் கண்ணுக்குத் தெரிவான். நான்கை விட்டுவிடுகிறான் என்பது தெரிகிறது. அதைவிட முக்கியமாக, ஒரு கிண்ணத்துக்கு ஒரு எண் என்று ஒன்றுக்கொன்று சரியாக வைக்கிறான். நூறு வரை ஒப்பிக்கிற குழந்தைக்குக்கூட இது வராமல் இருக்கும். "எண்கள் சரியாகத் தெரியவில்லை" என்று நான் எழுதியது தப்பு மட்டுமில்லை, அவனுக்குத் தெரிந்ததையும் மறைத்துவிட்டது.

குறிப்பில் இருக்க வேண்டியவை: பெயரின் முதலெழுத்து, வயது, தேதி, நேரம், இடம், செய்தது, சொன்னது. வயதை மாதத்தோடு எழுதுங்கள். ஒரே வகுப்பில் 3 வயது 1 மாதமும் 3 வயது 11 மாதமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இந்த வயதில் பத்து மாதம் என்பது பெரிய தூரம்.

குழந்தை சொன்னதைத் திருத்தாமல் எழுதுங்கள். "ஜாஸ்தி" என்றால் "ஜாஸ்தி"தான், "அதிகம்" என்று மாற்றாதீர்கள். எந்த மொழியில் சொன்னதோ அந்த மொழியிலேயே எழுதுங்கள். இதில் நான் செய்த தவறை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு முதல் பருவ அறிக்கையில் "பேச்சு குறைவு" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் வாசலில் பார்த்தால், அழைத்துப்போக வந்த பாட்டியிடம் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போகிறாள். வீட்டில் சௌராஷ்டிரம். மதுரையில் இருந்துகொண்டு எனக்கு இது தோன்றாமல் போனது எப்படி? ஒப்புதல் படிவத்தில் வீட்டு மொழியைக் கேட்கச் சொன்னது இதனால்தான். அந்தப் பாட்டியிடம் பத்துச் சொல் கற்றுக்கொண்டேன். "தண்ணி", "வலிக்குது", "வா" மாதிரி. அதன் பிறகுதான் அந்தக் குழந்தை என்னிடம் வாயைத் திறந்தது.

சில சொற்களை நோட்டுப் பக்கமே விடாதீர்கள்: நன்றாக, சரியாக, ஆர்வமாக, சோம்பேறி, பிடிவாதம், சமர்த்து. இவை குழந்தை செய்ததைச் சொல்லாது, நம் மனநிலையைத்தான் சொல்லும். "பிடிவாதம்" என்று கை போனால் நிறுத்தி, என்ன நடந்தது என்று எழுதுங்கள்: "சிவப்பு வாளி வேண்டும் என்று நாலு முறை கேட்டாள். வேறு வாளி கொடுத்ததும் கீழே போட்டாள்."

ஓவியத்துக்கும் இதே விதிதான். "என்ன வரைஞ்சிருக்க?" என்று கேட்பதைவிட "இதைப் பத்திச் சொல்லு" என்று கேட்டால் அதிகம் கிடைக்கும். சொன்னதைப் பின்பக்கம் எழுதுங்கள். முன்பக்கம் உங்கள் பேனா படக்கூடாது. ஸ்டாரும் வேண்டாம்.

6. வெள்ளிக்கிழமை 40 நிமிடம்

குழந்தைகள் போன பிறகு 40 நிமிடம். குட்டி நோட்டில் இருப்பதைப் ஃபைலுக்கு மாற்றும்போது மறுபடி எழுதிக்கொண்டிருக்காதீர்கள். தாளைக் கிழித்து ஒட்டிவிடலாம், அதற்காகத்தான் ஒரு தாளுக்கு ஒரு குழந்தை என்று எழுதச் சொல்வேன். ஒட்டிய தாளுக்குக் கீழே ஒரே ஒரு வரி: இதிலிருந்து எனக்கு என்ன புரிகிறது? நிச்சயமில்லை என்றால் கேள்விக்குறி போடுங்கள். "அளவை ஒப்பிடுகிறானா?" என்று எழுதிவைத்த கேள்விக்குறி அடுத்த வாரம் எதைப் பார்ப்பது என்று சொல்லும்.

அப்புறம் ஒரே தாளில் ஒரு கட்டம் போடுங்கள். இடப்பக்கம் பெயர்கள். மேலே உடல், மொழி, சிந்தனையும் எண்ணும், மனமும் பழக்கமும், கலை என்று ஐந்து பத்தி. குறிப்பு உள்ள இடத்தில் ஒரு புள்ளி. மாதக் கடைசியில் எந்தக் கட்டம் காலி என்று பாருங்கள். பெரும்பாலும் காலியாக இருப்பது நாம் வாய்ப்பே கொடுக்காத இடம். எங்கள் வகுப்பில் கலைப் பத்தி முழுக்க வெறுமையாக இருந்தது. காரணம், வண்ணப்பெட்டியை உயரத்தில் வைத்திருந்தேன்.

சில பள்ளிகளில் 40 கேள்வி கொண்ட சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பச் சொல்வார்கள். நிரப்புங்கள், சண்டை வேண்டாம். ஆனால் நோட்டில் ஆதாரம் இருந்தால் மட்டும் டிக் போடுங்கள். எல்லோருக்கும் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்ட பட்டியலை நான் பார்த்திருக்கிறேன், அதில் பாதி நாள் பள்ளிக்கே வராத குழந்தையும் இருந்தது.

7. அடுத்த படி: அதை எடுக்க வேண்டியது நீங்கள்

"அடுத்த படி: 1 முதல் 20 வரை சரியாக எண்ண வேண்டும்." இப்படித்தான் எல்லோரும் எழுதுகிறோம். இது குழந்தைக்குப் போட்ட உத்தரவு. திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் நுழையும்போது இதை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? அந்த வரியில் பதில் இல்லை. அதனால் அடுத்த படியை எழுதும்போது நீங்கள் செய்யப்போவதை எழுதுங்கள். என்ன பொருள், எங்கே வைப்பேன், என்ன கேட்பேன், எந்த நாள்.

மணல் தொட்டிப் பையனுக்கு நான் எழுதியது: "செவ்வாய்: தண்ணீர்த் தொட்டியில் ஆழாக்கு, உழக்கு, படி மூன்றையும் வைக்கிறேன். 'இது நிறைய எத்தனை ஊத்தணும்?' என்று ஒரு முறை கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன். புதன்: பிஸ்கட் கொடுக்கும்போது நாலு பேர் மேஜைக்கு எண்ணி எடுத்துவரச் சொல்கிறேன்." இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, நாலு உழக்கு ஒரு படி. வீட்டுப் பரணில் பாட்டியின் பித்தளைப் படி கிடந்தால் எடுத்துவாருங்கள். அவன் உழக்கைப் படியில் கொட்டிக் கொட்டி, நாலாவது உழக்கில் நிறைந்ததும் நிமிர்ந்து பார்த்தான். "நாலு" அன்று முதல் தொலையவில்லை.

செருப்பு அடுக்கும் பெண்ணுக்கு: "டிபன் டப்பாவையும் மூடியையும் தனித்தனியாகக் கலைத்து மேஜையில் வைக்கிறேன். பக்கத்தில் இன்னொரு குழந்தையை உட்கார வைக்கிறேன், எதுவும் சொல்வதில்லை." இரண்டாம் நாள் அவள் பக்கத்துப் பையனிடம், "அது இதுக்கு இல்ல" என்றாள். என் நோட்டில் அவள் வகுப்பில் பேசியதாகப் பதிவான முதல் வாக்கியம் அது.

கிரேயானை முஷ்டியால் பிடிக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு நாலு கோடு நோட்டைக் கொடுத்துவிடாதீர்கள். கிரேயானை ஒடித்து ஒரு அங்குலத் துண்டாகக் கொடுங்கள். முஷ்டியால் பிடித்து வரைய முடியாது, விரல் நுனிக்குத் தானாக வந்துவிடும். சப்பாத்தி மாவு பிசையட்டும். சுவரில் தாளை ஒட்டி நின்றபடி வரையட்டும், தோள் பலப்படும். புளியங்கொட்டை பொறுக்குவதும் விரலுக்கு நல்ல பயிற்சிதான், ஆனால் நீங்கள் அருகில் இல்லாமல் வேண்டாம். மூக்குக்குள் போன புளியங்கொட்டையை எடுக்க நான் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போயிருக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு ஒரு குழந்தைக்கு ஒரே ஒரு அடுத்த படி. ஐந்து எழுதினால் ஒன்றும் நடக்காது. செய்த பிறகு என்ன ஆனது என்று அதே தாளில் ஒரு வரி எழுதி மூடுங்கள். பலிக்கவில்லை என்றால் "பலிக்கவில்லை, தொட்டிப் பக்கமே வரவில்லை" என்று எழுதுங்கள், வெட்கம் வேண்டாம். சில நேரம் அடுத்த படி, அதே பொருளை அதே இடத்தில் இன்னும் ஒரு வாரம் விட்டுவைப்பதுதான். ஒரே ரயிலைப் பத்து நாள் கட்டும் குழந்தை தேங்கி நிற்கவில்லை.

ஒருவருக்கு எழுதிய அடுத்த படியைப் பெயர் மாற்றி இன்னொருவருக்கு எழுதாதீர்கள். பெற்றோர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வேன் வரும் வரை அவர்களுக்கு வேறு என்ன வேலை?

8. மனதில் உறுத்தினால்

கூப்பிட்டால் திரும்புவதில்லை, மூன்று வயது தாண்டியும் வெளியாட்களுக்குப் பேச்சு பெரும்பாலும் புரிவதில்லை, முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை. இப்படி ஏதாவது உறுத்தினால், இரண்டு வாரத்தில் நாலைந்து குறிப்பு வெவ்வேறு நேரத்தில் எழுதிச் சேருங்கள். இருந்த திறமை போய்விட்டது என்றால் மட்டும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே பேசிவிடுங்கள். எந்த நோயின் பெயரும் உங்கள் கையெழுத்தில் ஃபைலில் ஏறக்கூடாது. அது மருத்துவர் எழுத வேண்டியது.

தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, பெற்றோர் இருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் குறிப்புகளைப் படித்துக் காட்டுங்கள். "வீட்டிலும் இப்படியா?" என்று கேட்டுவிட்டு அவர்கள் பேசும் வரை பொறுங்கள். பேச்சு தொடர்பானது என்றால் முதலில் காது கேட்கும் சோதனை. ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் பிறந்தது முதல் 18 வயது வரை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். அதன் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வரும். தனியார் பள்ளிக் குழந்தை என்றால் பெற்றோரே அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மாவட்ட மையம்) எங்கே என்று கேட்டுப் போகலாம். உங்கள் குறிப்பின் ஜெராக்ஸைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். மருத்துவருக்கு "சரியா பேச மாட்டேங்குறான்" என்பதைவிட, தேதியும் நேரமும் போட்ட நாலு காட்சி உதவும்.

9. பெற்றோர் சந்திப்பும் ஏப்ரலும்

ஒரு குழந்தைக்குப் பத்து நிமிடம். முதல் குறிப்பு ஒன்று, சமீபத்திய குறிப்பு ஒன்று, ஓவியம் இரண்டு, இவ்வளவையும் முந்தின நாளே ஃபைலில் ஒட்டுத்தாள் வைத்து எடுத்துவையுங்கள். "இன்னும் ஏ பி சி டி எழுதலையே" என்பார்கள். வாதம் செய்யாமல் மணல் தொட்டிக் குறிப்பைப் படித்துக் காட்டுவேன். எல்லோரும் மனம் மாறிவிடுவதில்லை. ஒரு அப்பா முழுதும் கேட்டுவிட்டு, "சரி மிஸ், எழுதறது எப்போ?" என்றார். இருக்கட்டும். அவரிடமும் கடைசியில் ஒரு கேள்வி கேட்டு எழுதிக்கொண்டேன்: "இந்த மாசம் வீட்டுல புதுசா என்ன செஞ்சான்?" கேஸ் சிலிண்டர் வந்தால் அவன்தான் கதவைத் திறந்து எண்ணைப் படிக்கிறானாம். அது அடுத்த வாரத் திட்டத்துக்குப் போயிற்று.

ஏப்ரலில் ஃபைல் வீட்டுக்குப் போய்விடும். அடுத்த வகுப்பு டீச்சருக்கு ஒரு பக்கம் போதும்: எதில் மனம் லயிக்கிறது, எப்படிச் சொன்னால் கேட்கும், கடைசியாக எழுதிய அடுத்த படி எது. முழு ஃபைலையும் கொடுத்தால் படிக்க மாட்டார், நானும் படித்ததில்லை. சட்டைப்பை நோட்டுகளின் மிச்சத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். அதில் அடுத்த வீட்டுச் சண்டையிலிருந்து எல்லாம் குழந்தைகள் சொன்னபடியே இருக்கும். கிழித்துத் தண்ணீரில் ஊறப்போட்டால் அடுத்த வருஷக் காகிதக் கூழ் பொம்மைக்கு ஆகும்.